சேர்வர் பூசைக்குப் போகாத காலை

விடிய வாடிக்கு முதலில் வருகிறவன் நான்தான். கேற்றைத் திறந்து, உப்புத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டரைப் போட்டுவிட்டு, கண்ணாடி அறைக்குள் போய்க் கணினியின் சுவிச்சை அமத்திப் போடுவேன். அந்தக் கணினியைத்தான் சேர்வர் என்பார்கள். நான் சுவிச்சைப் போடுகிற நேரம் எங்கள் வேதக்கோயிலில் விடியப்பூசைக்கு மணி அடிக்கும். பூசை முடிந்து சனம் வெளியே வருகிறபோதுதான் சேர்வர் எழும்பும். வள்ளக்காரர் யாராவது பெட்டியோடு வந்து, இன்னும் நிறுக்கத் தொடங்கவில்லையா என்று கேட்டால், "சேர்வர் பூசைக்குப் போயிட்டுது" என்று சொல்லுவோம்.

கொஞ்சக் காலம் அது பகிடியாக இருந்தது.

குருநகர்க் கரையில் நண்டு வாங்கி லொறியில் ஏற்றுகிற கொட்டில்தான் எங்கள் வாடி. கொழும்பில் இருக்கிற ஒரு கொம்பனி நடத்துகிறது. வள்ளக்காரர் கால் கட்டிய நண்டுகளைப் பெட்டியில் கொண்டுவந்து கேற்றடியில் தருவார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, குளிர் வெளியே போகாமல் தொங்கவிட்ட பிளாஸ்டிக் திரையை விலக்கி, உள்ளே இருக்கிற தராசில் வைப்பேன். அது புதுமாதிரித் தராசு. முள் இல்லை, எண் காட்டுகிற முகமும் இல்லை. ஒரு வயரால் சேர்வரோடு பிணைத்துவிட்டிருந்தார்கள். சேர்வர் எழும்பாமல் அது நிறுக்காது. நிறுத்தவுடன் அச்சடித்த ஒரு கடதாசித் துண்டு வரும். துண்டில் என்ன நிறை போட்டிருக்கிறதோ, அதுதான் அந்தப் பெட்டியின் நிறை. துண்டு இல்லாமல் பெட்டி லொறியில் ஏறாது.

சேர்வர் பூசைக்குப் போயிருக்கிற நேரம் முழுக்கப் பெட்டிகள் வரிசையாகக் கிடக்கும். நான் ஈரச்சாக்குப் போட்டு மூடி, உப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டு திரிவேன். அப்படியும் சில நண்டு செத்துப்போகும். செத்த நண்டைக் கொம்பனி எடுக்காது. சனம் என்னைத்தான் பார்க்கும்.

செபஸ்தியம்மா அக்கா என் மனைவி அற்புதராணியின் மூத்த சகோதரி. மகன் கொலின்ஸ் பிடித்துக்கொண்டு வருவதை அவர்தான் வாடிக்குக் கொண்டுவருவார். யாரையும் இலேசில் நம்பாத மனுசி. கோயிலில் காணிக்கைத் தட்டு வந்தால், தட்டுப் பிடிக்கிறவரின் மற்றக் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். வீட்டுக் குசினியில் கொளுக்கி வைத்த சின்னத் தராசு ஒன்று தொங்கும். அதில் நிறுக்காமல் ஒரு பெட்டியும் அந்த வீட்டைவிட்டு வெளிக்கிடாது.

ஒரு நாள் துண்டில் நிறை குறைந்தது. நடுத்தர நண்டு ஒன்று எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. அடுத்த நாளும் அதே குறைவு. அக்கா துண்டைக் கொண்டுபோய் மனேஜர் கனகலிங்கம் சேரிடம் காட்டினார். சேர் சாவகச்சேரி ஆள், அமைதியாகக் கதைக்கிறவர். காத்துக்கிடக்கிற நண்டு தண்ணீர் விடும், தண்ணீர் போனால் நிறையும் போகும், சேர்வர் பிந்துகிறதுதான் காரணம், திருத்த ஆள் கூப்பிடுகிறேன் என்று விளங்கப்படுத்தினார். அக்கா தலையாட்டிக்கொண்டு வந்தார். அவர் அப்படித் தலையாட்டினால் ஒரு சொல்லையும் நம்பவில்லை என்று அர்த்தம்.

பிறகொரு நாள் வேண்டுமென்றே பிந்தி வந்தார். சேர்வர் எழும்பி, முன்னால் நின்ற ஆட்களின் பெட்டி எல்லாம் நிறுத்து முடிந்திருந்தது. அக்காவின் பெட்டி நிலத்தில் வைக்கப்படவே இல்லை. அவர் கையிலிருந்து என் கைக்கு, என் கையிலிருந்து தராசுக்கு. துண்டு வந்தது. அதே ஒரு நண்டு குறைவு.

அக்கா துண்டை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இண்டைக்குத் தண்ணி விடேல்லை, செல்வம். ஒரு நண்டு நடந்து போயிட்டுது."

"கால் கட்டின நண்டு எப்பிடி அக்கா நடக்கும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன். ஆரோ தூக்கிக்கொண்டு போகவேணும்."

சிரிக்காமல் சொன்னார். பின்னால் நின்றவர்களும் சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே கரையில் இரண்டு மூன்று பேர் கொளுக்கித் தராசு வாங்கினார்கள். அவர்களுடைய பெட்டிகளிலும் ஆளுக்கு ஒரு நண்டின் நிறை குறைந்தது. கேற்றுக்கும் தராசுக்கும் நடுவில் இருப்பது அந்தப் பிளாஸ்டிக் திரை. திரைக்கு அங்கால் போகிறவன் நான் ஒருவன். வேறு யாரை நினைப்பார்கள்?

எனக்கு ஒரு யோசனை வந்தது. நண்டை எண்ணிக்கொண்டு வரும்படி அக்காவிடம் சொன்னேன். எண்ணிக்கொண்டு வந்தார். நிறுத்தவுடன் பெட்டியைத் திரும்ப வெளியே கொண்டுவந்து, எல்லாருக்கும் முன்னால் கவிழ்த்து எண்ணினோம். ஒன்றும் குறையவில்லை. நிறை மட்டும் குறைந்திருந்தது. அதோடு என் தலை தப்பியது என்று நினைத்தேன். அக்கா நண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"எண்ணிக்கை சரிதான். அப்ப பெரிசை எடுத்துப்போட்டுச் சின்னனை விட்டிருக்கிறாய்."

"சின்னனுக்கு நான் எங்கை அக்கா போறது?"

"அதை நீயெல்லோ சொல்லவேணும்."

எங்கள் வீட்டில் நண்டுக் கறி வைப்பதை நிறுத்தினோம். பக்கத்து வீட்டுப் பெண் கறிவேப்பிலை கேட்டு வந்தால் அடுப்பில் இருக்கிற சட்டியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பாள். அற்புதராணி தமக்கையோடு கதைக்காமல் விட்டாள். எனக்காகத்தான் விட்டாள் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு நாள் கிணற்றடிப் பக்கம் போகிறபோது பார்த்தேன், தோய்க்கிறதுக்கு எடுத்த என் சேட்டின் பையை மூக்கில் வைத்து மணந்துகொண்டிருக்கிறாள். நண்டு வாடியில் வேலை செய்கிறவனின் சேட்டு வேறு எப்படி மணக்கும்? பின்னேரம் வேலை முடிந்து வெளிக்கிடும்போது, ஒருவரும் கேட்காமலே சாப்பாட்டுப் பையைக் கேற்றடியில் கவிழ்த்துக் காட்டப் பழகிக்கொண்டேன்.

கடைசியில் கொலின்ஸ் வள்ளக்காரர் கொஞ்சப் பேரையும் கூட்டிக்கொண்டு மனேஜரிடம் வந்தான். திரையடியில் நிற்கிற ஆளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேறு வாடிக்கு நண்டு கொடுப்போம் என்றான். நான் அந்த நேரம் கையில் பெட்டியோடு நிற்கிறேன். என் பெறாமகன், என் பெயரைச் சொல்லாமல் "திரையடியிலை நிக்கிற ஆள்" என்றான். மனேஜர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சரி, வெள்ளிக்கிழமையோடு நிற்பாட்டுகிறேன், அதற்குப் பிறகு வேறு ஆள் வருவான் என்று சொல்லி அனுப்பினார்.

வேலை போவது எனக்குப் புதிதில்லை. ஐஸ் உடைத்திருக்கிறேன், கல் சுமந்திருக்கிறேன், கடற்படுகையில் கடலட்டை பொறுக்கியிருக்கிறேன். எங்கே போனாலும் முதுகுக்கு ஒரு வேலை கிடைக்கும். ஆனால் இந்தக் கரையை விட்டு எங்கே போவது? வெள்ளிக்கிழமையோடு வெளியே போனால் கள்ளன் என்று எழுதி ஒட்டின மாதிரித்தான். சாகிறவரைக்கும் அந்தப் பேரோடுதான் பூசைக்கு முழங்காலில் நிற்க வேண்டும்.

புதன்கிழமை சேர்வர் திருத்த ஒரு பெண் வந்தாள். பிரசாந்தி என்று பெயர், நெல்லியடிப் பிள்ளை, நல்லூரில் ஒரு கொம்பியூட்டர் நிறுவனத்தில் வேலை. ஸ்கூட்டியில் வந்திறங்கினாள். மனேஜர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, கண்ணாடி அறைக்குள்ளேயே நிற்கச் சொன்னார். அவள் வேலையை இழுத்தடிக்கிறாளா, தேவையில்லாததைத் தொடுகிறாளா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். கள்ளன் என்று அனுப்பப் போகிறவனைக் காவலுக்கு வைக்கிறாரே என்று எனக்குப் பட்டது. நான்தான் கள்ளன் என்று அவர் உண்மையில் நம்புகிறாரா என்ற சந்தேகமும் அன்றுதான் முதன்முதல் வந்தது.

நான் விளக்குமாற்றை எடுத்து, கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினேன். அவள் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணை, உங்களை என்னைப் பாக்க விட்டிருக்கினமோ?"

பொய் சொல்ல வரவில்லை. "ஓம் பிள்ளை."

"அப்ப உந்தக் கதிரையிலை இருந்து பாருங்கோ. நிண்டு பாத்தால் கால் நோகும்."

இருந்து பார்த்தேன். சேர்வரை நிற்பாட்டித் திரும்பப் போட்டாள். திரையில் எழுத்துகள் மழை மாதிரி ஓடி, ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டன. நான் எழுத்துக் கூட்டிப் படித்தது தலை நரைத்த பிறகு, அதுவும் தமிழ் மட்டும். அங்கே ஓடினது எல்லாம் இங்கிலீசு. நின்ற இடத்திலேயே வெகுநேரம் நின்றது. அவள் கரண்டைச் சந்தேகப்பட்டாள், வயரைச் சந்தேகப்பட்டாள், உள்ளே சுற்றுகிற தட்டைச் சந்தேகப்பட்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தாள். காலையில் சுவிச்சைப் போடுவது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன், போட்ட பிறகு ஒன்றும் தொடமாட்டேன் என்றும் கேட்காமலே சொன்னேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உங்களை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை. ஏன் பயப்பிடுறீங்கள்?"

நான் விளக்குமாற்றைப் பார்த்தேன்.

பின்னேரம் ஆகும்போது அவள் கதிரையில் சாய்ந்து, கண்டுபிடித்துவிட்டேன் என்றாள். என்ன என்று கேட்டேன். மனேஜரிடம் சொல்லக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பாள். இருந்தாலும் அவசரப்படாமல் ஆறுதலாகச் சொன்னாள்.

இந்தச் சேர்வருக்குள் நிறை எழுதுகிற, துண்டு அடிக்கிற வேலை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஏற்றப்படுகிறது. மூட்டைக்குள் எக்கச்சக்கமான பொதிகள். கொஞ்சம் இந்தக் கொம்பனிக்கென்று எழுதினது, மிச்சம் உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்ததை எடுத்துச் சேர்த்தது. மூட்டையின் வாசலில் ஒரு பட்டியல் இருக்கிறது. நிறையை எழுதுவது இன்னது, துண்டு அடிப்பது இன்னது என்று அதில் பேர் போட்டிருக்கும். ஆனால் பட்டியலில் பேர் போடாமல், பொதிக்குள்ளேயே "எனக்கும் இங்கே வேலை இருக்கு" என்று ஒரு குறிப்பை ஒட்டி வைக்கவும் வழி உண்டு. அனொட்டேஷன் என்று அதற்குப் பேர். அப்படி எங்கேயாவது ஒட்டியிருக்குமோ என்று சேர்வருக்குச் சந்தேகம். அதனால் ஒவ்வொரு காலையும் மூட்டையை ஏற்றும்போது எல்லாப் பொதியையும் அவிழ்த்து, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்கிறது. இந்தப் பழைய கணினிக்கு அதற்கு அவ்வளவு நேரம் எடுக்கிறது.

"முந்திச் சோதனைச்சாவடியிலை எங்களை இறக்கினமாதிரி," என்றேன். அந்தச் சண்டைக் காலத்தில் பயண அனுமதிப் பாஸ் கையில் இருக்கும். பேர், ஊர், எங்கே போகிறேன், எல்லாம் அதில் இருக்கும். இருந்தாலும் பையைக் கவிழ்க்க வேண்டும். உடைக்காத பிஸ்கற் பெட்டியையும் உடைத்துப் பார்ப்பார்கள்.

தான் அப்போது சின்னப் பிள்ளை, கவிழ்த்த உடுப்பை அம்மா திரும்ப மடித்து வைத்தது மட்டும் ஞாபகம் என்றாள்.

"நிப்பாட்ட ஏலாதோ, பிள்ளை?"

"ஏலும். பட்டியலிலை ஒரு சொல் போடவேணும், எல்லாம் இதுக்குள்ளை இருக்கு, இது முழுமை எண்டு. போட்டால் ஒண்டையும் அவிழ்க்காது. ஆனால் பட்டியலிலை பேர் இல்லாமல், ஒட்டின குறிப்பை மட்டும் நம்பி ஏதும் உள்ளுக்கு இருந்தால், அது பிறகு எழும்பாது. கேட்டுப்போட்டுத்தான் செய்யவேணும்."

மனேஜர் வந்தார். காதில் போன். பட்டியலுக்கு வெளியே ஏதாவது இருக்கிறதா என்று அவள் கேட்டாள். எல்லாம் பட்டியலில் இருக்கிறது, போட்டுவிடும் என்றார். அவள் விடவில்லை.

"வடிவாத் தெரியுமோ சேர்? வெளியிலை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை எண்டு சொல்லுறன். பொய்யெண்டால் உவனைக் கேளும். செல்வரட்ணமும் கேட்டுக்கொண்டெல்லோ நிக்கிறான்."

அவள் அந்தச் சொல்லைப் போட்டாள்.

வியாழக்கிழமை விடிய, கோயில் மணி அடிக்கச் சுவிச்சைப் போட்டேன். சாக்கு நனைக்கத் தொட்டியடிக்குப் போனேன். வாளி நிறையவில்லை, அதற்குள் சேர்வர் எழும்பி, துண்டு அடிக்கிற மெசின் கர்ரென்று இரைந்தது. கோயில் பக்கம் இன்னும் சனம் போய்க்கொண்டிருந்தது. கேற்றடியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"என்ன, இண்டைக்குப் பூசைக்குப் போகேல்லையோ?" என்றார் ஒருவர்.

"வேதத்தை விட்டிட்டுதாக்கும்," என்றார் மற்றவர்.

வெகுநாளைக்குப் பிறகு வரிசையில் சிரிப்புக் கேட்டது. செபஸ்தியம்மா அக்காவின் பெட்டி முன்னுக்கு வந்தது. தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். துண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா வாசித்தார். சட்டைக்குள்ளிருந்து, வீட்டில் நிறுத்ததைக் குறித்த கடதாசியை எடுத்துப் பார்த்தார். திரும்பத் துண்டைப் பார்த்தார். முகம் மாறியது.

"உது எப்பிடிச் சரியா வந்தது?"

"சரியா வந்தால் நல்லதுதானே அக்கா."

"நாளையோடை போகப்போறாய் எண்டு தெரிஞ்சு, இண்டைக்குக் கை வைக்கேல்லை நீ."

பின்னால் நின்றவர்களின் துண்டும் சரியாக வந்தது. ஒவ்வொரு துண்டு சரியாக வரும்போதும் ஒவ்வொருவராக என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். நிறை குறைந்த நாட்களில் என்னைப் பாதிதான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நிறை சரியாக வந்த அன்றைக்குத்தான் நான் முழுக் கள்ளன் ஆனேன். அன்றைக்கு அக்காவோடு வந்திருந்த கொலின்ஸ், நான் விலக்கிப் பிடித்திருந்த திரையைத் தன் கையால் பறித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

மத்தியானம் மனேஜருக்குக் கொழும்பிலிருந்து போன் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார். வெளியே வந்தபோது வழமையான அமைதி இல்லை. பிரசாந்தியை உடனே வரச் சொன்னார். அவள் வந்ததும், நேற்றுப் போட்டதை எடுக்கச் சொன்னார். என்ன பிழை என்று கேட்டாள். நிறை கூடக் காட்டுகிறது என்றார். அதற்குள் திரும்பவும் போன். "செல்வரட்ணம், உதிலை நில்" என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார்.

வாங்குகிறவர் நிறை கூட என்கிறார், விற்கிறவர் நிறை சரி என்கிறார். நான் கதிரையில் இருக்கவில்லை. கதவடியில் நின்று அவளையும் பார்த்தேன், வெளியே கதைத்துக்கொண்டு நடக்கிற அவரையும் பார்த்தேன். இவளும் அவருடைய ஆள்தானோ? இரண்டு பேரும் சேர்ந்து என்னை வைத்து ஏதும் செய்யப் போகிறார்களோ? அவள் என்னிடம், நிறை அச்சடித்த பொதி ஏதாவது கடையில் வாங்கிவர முடியுமா என்று கேட்டாள். பிரிக்காத சீனிப் பைகள் வாங்கி வந்தேன். தராசில் அடுக்கினோம். பையில் என்ன இருந்ததோ அதுதான் துண்டில் வந்தது.

பிறகு அவள் முந்தாநாள் இருந்ததுபோலவே எல்லாவற்றையும் மாற்றி வைத்தாள். சேர்வர் பூசைக்குப் போனது. வரும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம். அதே சீனிப் பைகள். துண்டில் ஒரு நண்டு குறைந்தது.

சீனியில் நண்டு ஏது?

அவள் சேர்வர் காலையில் செய்கிற வேலையைத் தானே செய்யத் தொடங்கினாள். பொதி பொதியாகத் திறந்து பார்த்தாள். வெயில் சாய்ந்து கண்ணாடியில் விழுகிறபோது ஒரு இடத்தில் நிறுத்தி, என் பக்கம் திரையைத் திருப்பினாள். எனக்கு அது விளங்காது என்று தெரிந்தும் திருப்பினாள்.

"இதுக்குள்ளை ஒருத்தன் நிக்கிறான் அண்ணை. பட்டியலிலை பேர் இல்லை. தராசிலை இருந்து நிறை வாற வழியிலை நிண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் கொஞ்சம் கழிச்சுப்போட்டு உள்ளுக்கு விடுறான். சேர்வர் எல்லாத்தையும் அவிழ்த்துப் பாத்தால்தான் இவன் எழும்புவான். நேற்று நாங்கள் அவிழ்க்க வேண்டாம் எண்டு சொன்னதாலை இண்டைக்கு எழும்பேல்லை."

பெட்டிக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு கள்ளன் நிற்கிறான் என்று கரை முழுக்க நினைத்துக்கொண்டிருந்த அதே இடத்தில் ஒருவன் நின்றுதான் இருக்கிறான். முதன்முதலாக ஒருவரும் சொல்லாமல் நானாகப் போய் அந்தக் கதிரையில் இருந்தேன்.

அப்போதும் எனக்கு அவளில் முழு நம்பிக்கை இல்லை. படித்த பிள்ளை, கொம்பனியின் வேலையை நம்பி இருக்கிறவள், ஏன் எங்களுக்காகக் கதைக்கப் போகிறாள்? அவள் முழுமை என்ற அந்தச் சொல்லைத் திரும்பவும் பட்டியலில் போட்டுவிட்டு, மனேஜர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

அவர் வந்தார். எடுத்துவிட்டீரா என்று கேட்டார். இல்லை என்றாள். பொதிக்குள் இருந்ததைச் சொன்னாள். அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"நீ வெளியிலை போ."

"நிக்கட்டும் சேர்," என்றாள் பிரசாந்தி. "நீங்கள்தானே இவரை என்னைப் பாக்க விட்டனீங்கள்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அது ஈரத்துக்குக் கழிக்கிறது, நண்டு எப்படியும் தண்ணீர் விடும், எல்லாக் கொம்பனியும் செய்கிற வேலைதான் என்றார். யார் போட்டது என்று தனக்குத் தெரியாது, முந்திய ஆட்கள் கொழும்பில் செய்து அனுப்பினது என்றும் சொன்னார். உண்மையாகவே தெரியாதா, தெரிந்துகொண்டு சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் எனக்கு அது தெரியாது.

பிரசாந்தி குரலை உயர்த்தவில்லை.

"ஈரத்துக்கெண்டால் நல்லது சேர். அதையும் பட்டியலிலை போடுவம். அதுக்கு ஒரு பேர் சொல்லுங்கோ. துண்டிலையும் அதுக்கு ஒரு வரி விடுறன், இவ்வளவு கழிச்சது எண்டு. கொம்பனி சொன்னது எண்டு எழுதித் தந்தால் இப்பவே போட்டுத்தாறன். பேர் இல்லாமல் ஒண்டை உள்ளுக்கு விட எனக்கு ஏலாது. வெளியிலை ஒண்டும் இல்லை எண்டு நேற்று நீங்கள்தான் சொன்னீங்கள். இவரும் கேட்டவர்."

மனேஜர் மேசையில் இருந்த பேனையை எடுத்தார். கொஞ்ச நேரம் அதன் மூடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கொழும்பைக் கேட்க வேண்டும், அதுவரை இப்படியே இருக்கட்டும் என்று பேனையைத் திரும்ப வைத்துவிட்டார்.

அவள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். நாளையோடு நிற்க வேண்டியதில்லை, தொடர்ந்து வேலைக்கு வரலாம் என்றார். குரல் திரும்பவும் அமைதியாக இருந்தது. அதில் எனக்குப் பயம் கூடியது. வேலையைத் திருப்பித் தருகிறாரா, வாயை அடைக்கிறாரா? வேலையை வாங்கிக்கொண்டு பேசாமல் திரையடியில் நின்றால், நிறையும் சரியாக இருக்கும், நானும் கள்ளனாகவே இருப்பேன்.

"வாறன் சேர்," என்றேன். "ஆனால் நான் எடுக்கேல்லை எண்டு நீங்கள் வந்து கேற்றடியிலை சொல்லவேணும். செபஸ்தியம்மாக்கா நிக்கிற நேரத்திலை. நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் சொல்லாட்டில், கேட்டதை எல்லாம் நான் சொல்லுவன்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். காவலுக்கு வைத்த ஆளைச் சரியாகப் பார்த்து வைக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிய மனேஜர் கேற்றடிக்கு வந்தார். வரிசை நின்றது. கணினியில் ஒரு பிழை இருந்தது, அதனால்தான் நிறை குறைந்தது, இப்போது திருத்தியாகிவிட்டது, செல்வரட்ணத்தில் ஒரு பிழையும் இல்லை, அவன் தொடர்ந்து இங்கேதான் வேலை செய்வான் என்றார். சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"சேர்," என்று அக்கா கூப்பிட்டார். "கொம்பியூட்டர் பிழை விட்டதெண்டு சொல்லுறியள். சரி. ஒருநாளாவது எங்கடை பக்கம் பிழை விடாதோ? ஒரு நண்டு கூட எண்டு ஒருநாளும் துண்டு வரேல்லையே."

சேர் கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது. கொலின்ஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"செல்வம், உண்மையைச் சொல். உள்ளுக்கை ஆர் எடுத்தது?"

நான் சொன்னேன். பொதியையும் குறிப்பையும் பட்டியலையும் பிரசாந்தி சொன்ன மாதிரி என்னால் சொல்ல முடியவில்லை. பேரில்லாத ஒருவனை உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள், சேர்வர் காலையில் எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்த்தால்தான் அவன் எழும்புவான், இப்போது அவிழ்க்கிறதை நிற்பாட்டியிருக்கிறது என்றேன். மனேஜரோடு பேசினதை நான் மீறிவிட்டேனோ என்று தெரியவில்லை. அவர் அரைவாசிதான் சொன்னார். மிச்ச அரைவாசியை யாராவது சொல்லத்தானே வேண்டும்.

அக்கா நான் சொன்னதை மெல்ல யோசித்தார்.

"அப்ப சேர்வர் திரும்பப் பூசைக்குப் போனால், அவன் திரும்ப வந்திட்டான் எண்டு அர்த்தமோ?"

"அப்பிடித்தான் அக்கா நினைக்கிறன்."

"நல்லது," என்றார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் குடும்பத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே வழங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அற்புதராணி நண்டுக் கறி வைத்தாள். ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி, தமக்கை வீட்டுக்கு அவளே கொண்டுபோனாள்.

இப்போதெல்லாம் விடிய நான் கேற்றைத் திறக்கும்போதே நாலைந்து பேர் வந்து நிற்கிறார்கள். பெட்டிகளை இறக்கிவிட்டு ஒருவரும் கதைக்கமாட்டார்கள். கோயில் மணி அடிக்கும். நான் சுவிச்சைப் போடுவேன். எல்லாரும் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். மணியின் ஓசை அடங்கி, விடியப்பூசைக்குப் பிந்தினவர்கள் ஒழுங்கையில் ஓட்டமும் நடையுமாகப் போகிறபோது, உள்ளே துண்டு அடிக்கிற மெசின் இரையும். அதற்குப் பிறகுதான் மூச்சு விடுவார்கள்.

செபஸ்தியம்மா அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் தன் பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டு, எதிரே இருக்கிற கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போகிறார். துண்டு வரும்வரை பெட்டியை விட்டு அசையாத மனுசி. முதல் நாள் அவர் போனபோது, கடைத் தட்டிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்க்கிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். கிளாசை இரண்டு கையாலும் பிடித்து, வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

பெட்டியைத் தூக்கினேன். கைபிடியில் அவர் வீட்டுக் கொளுக்கித் தராசு தொங்கிக்கொண்டிருந்தது, நிறுத்துப் பார்க்கிறதையும் என்னிடம் விட்டுப் போயிருந்தார்.